விளங்கிற்றா?

உபாத்தியாயர் தொழிலுக்கு இரண்டு கருவிகள் போதும் என்பது பெரியோர் கொள்கை. ஒன்று நாக்கு, மற்றொன்று சாக்பீஸ். முன்காலத்தில் பிரம்பு என்று மூன்றாவது ஒன்றும் இருந்தது, அதைச் சர்க்கார் பறித்துக்கொண்டுவிட்டது, நல்லதுதான். நாக்கு விஷயத்தில் எனக்கு இன்றளவும் குறைவில்லை என்று என் வீட்டார் சாட்சி சொல்லுவார்கள். ஆனால் எட்டு வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலை, முதல் பாடவேளையில், சாக்பீஸ் என் விரல்களை விட்டு நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தேன்; மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை முன் பெஞ்சிலிருந்த ஒரு பெண் எழுந்து வந்து அதை எடுத்தாள். என் கையில் கொடுக்கவில்லை. "நான் எழுதட்டுமா, டீச்சர்?" என்று கேட்டாள்.

அந்தக் குழந்தை ஒரு நிமிஷத்தில் கண்டுகொண்டதை நான் கண்டுகொள்ள இரண்டு வருஷங்கள் ஆயின. பட்டம் பெற்றவள், பத்திரிகை படிக்கிறவள், ஊருக்குப் பாடம் சொல்லுகிறவள் என்ற பெருமையெல்லாம் அந்த இரண்டு வருஷங்களில் எனக்கு எள்ளளவும் உதவவில்லை.

காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் விரல்கள் மடங்கமாட்டா. பல் துலக்கப் பிரஷைப் பிடிக்க முடியாது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால் மெல்ல மெல்ல இளகும். மத்தியானம் ஒன்றுமே நடவாதது போலிருக்கும். ஆகவே, "காலையில் சோம்பேறித்தனம்" என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். உறவினர் சொன்ன தீர்ப்புகளோ வேறு. "வாயு, வேறென்ன? உருளைக்கிழங்கை விடு" என்றார் பெரியம்மா. புளியை விடச் சொன்னார் ஒருவர். கத்தரிக்காயை விடச் சொன்னார் மற்றொருவர். மதினி முடக்கத்தான் தோசை வார்த்துக் கொடுத்தாள். தோசை ருசியாகவே இருந்தது, முடக்கு அறுந்தபாடில்லை. விட வேண்டியவற்றையெல்லாம் விட்டு, கடைசியில் சோறும் மோரும் மட்டும் மிஞ்சின.

பிறகு ஒருவர் தந்த பொடியைச் சாப்பிட்டேன். அவர் யார், எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். பொடி அற்புதம் செய்தது! பத்தே நாளில் சாக்பீஸைப் பிடித்தேன். குடத்தைத் தூக்கினேன். முகம் பௌர்ணமிச் சந்திரன்போல் உருண்டு திரண்டபோது, "உடம்பு தேறிவிட்டது" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பொடியை நிறுத்திய வாரமே வலி வட்டியும் முதலுமாய்த் திரும்பி வந்தது. பெயர் சொல்லாத இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதுண்டு என்பதும், முகம் உருண்டது தேறியதற்கு அறிகுறி அல்ல என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாள் என் இரண்டு கைகளையும் வாங்கி மேஜையின்மேல் வைத்துப் பார்த்தார். கையை ஒருவர் அப்படி நிதானமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இரண்டு கையிலும் ஒரே இடத்தில், முஷ்டி மூட்டுகளில் வீக்கம், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, இது வாயு அல்ல அம்மா, முடக்குவாதம்" என்றார். இரத்தப் பரிசோதனையும் அதையே சொல்லிற்று. இரண்டு வருஷங்களுக்கு முன்பே வந்திருந்தால் வலது கையில் இரண்டு விரல்கள் கோணாமல் தப்பியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

*

சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் நம் பக்கத்தில் வழங்கும் இந்த வியாதி, வயதானவர்களுக்குத் தேய்மானத்தால் வரும் முழங்கால் வலியைச் சேர்ந்ததன்று. உடம்பைக் காக்க வேண்டிய காவற்படை, தன் வீட்டு மூட்டுகளையே பகைவன் என்று எண்ணித் தாக்குவதால் உண்டாவது. முப்பது வயதிலும் வரும், ஐம்பதிலும் வரும். ஆண்களைக் காட்டிலும் ஸ்திரீகளை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. ஆரம்பத்திலேயே அடக்காவிட்டால் எலும்பை அரித்து மூட்டைக் கோணச் செய்துவிடும். அடியோடு குணமாக்கும் மருந்து இதுவரையில் கிடையாது. ஆனால் அடக்கி ஆளும் மருந்துகள் உண்டு.

அவற்றுள் முக்கியமானது மெத்தோட்ரெக்ஸேட் என்னும் சிறு மாத்திரை. விலை மலிவு. அதனோடு வேறு கிழமையில் ஃபோலிக் அமில மாத்திரை ஒன்றும் கொடுப்பார்கள். இந்த இரண்டு மாத்திரைகளையும் விழுங்கும்போதெல்லாம் நான் ஒரு மனிதரை நினைத்துக்கொள்வதுண்டு. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்திஜியின் அழைப்பைக் கேட்டுக் கதர் அங்கி அணிந்து கல்லூரிக்குச் சென்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. பிற்பாடு அவர் அமெரிக்கா சென்றார். அங்கே லெடர்லி ஆராய்ச்சிசாலையில் அவர் தலைமையில் வேலை செய்த குழுவினர் 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார்கள். அதற்கு எதிர்ச்செயல் புரியும் மருந்துகளும் அங்கேதான் பிறந்தன. மெத்தோட்ரெக்ஸேட் அவற்றுள் ஒன்று. முதலில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் பயன்பட்ட இந்த வகை மருந்து, 1980-களில் முடக்குவாத சிகிச்சையில் நிலைபெற்றது. அதைக் காண சுப்பாராவ் இல்லை, 1948-லேயே காலமாகிவிட்டார். கதருக்காகப் பட்டம் இழந்தவரின் ஆராய்ச்சிசாலையில் உருவான இரண்டு பொருள்களும் இன்று தாமிரபரணிக் கரையில் ஒரு வாத்திச்சியின் டப்பாவில் அக்கம்பக்கமாக இருக்கின்றன.

நிற்க. இந்த மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. முடக்குவாதத்துக்கு இதை வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினந்தோறும் சாப்பிட்டால் மருந்தே விஷமாகிவிடும். வாய் புண்ணாகும், இரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து நேரும். இந்த வாக்கியத்தைத்தான் நான் இந்தக் கட்டுரையில் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். காரணம் கீழே வருகிறது.

*

நான் சிகிச்சை பெற ஆரம்பித்து இரண்டு வருஷம் கழித்து, முக்கூடல் பக்கத்தைச் சேர்ந்த ஓர் ஆச்சியைப் பார்க்க நேர்ந்தது. என் பழைய மாணவி ஒருத்தியின் பாட்டி. வயது அறுபது இருக்கும். மடியில் சுளகை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாகப் பீடி சுற்றியவள். இலையை நனைத்து, கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்குவது என்று ஒரு பீடிக்கு விரல்கள் எத்தனை வேலை செய்கின்றன என்பதை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அந்த விரல்களில் இந்த வியாதி வந்திருந்தது.

ஆனால் நான் அவளைப் பார்த்தது வீட்டில் அல்ல, ஆஸ்பத்திரிக் கட்டிலில். உதடும் நாக்கும் வெந்தது போலிருந்தன. தண்ணீர்கூட இறங்கவில்லை. பதினோரு நாள் தினம் ஒன்றாக மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டிருக்கிறாள்.

நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டாள். பேச முடிந்த பிறகு நான், "வாரத்துக்கு ஒரு தடவை என்று யாரும் சொல்லவில்லையா, ஆச்சி?" என்று கேட்டேன்.

"சொன்னாவ டீச்சர். சொல்லாம என்ன? டாக்டரும் சொன்னாவ, மாத்திரை குடுத்தவரும் சொன்னாவ. கூட்டம் நெரிஞ்சுக்கிட்டுக் கெடக்கு. எனக்கு ஒரு மாத்திரை வாரத்துக்கு ஒண்ணு, ஒரு மாத்திரை தெனமும்னு காதுல விழுந்துது. எது எதுன்னு வீட்டுக்கு வந்தா மறந்துபோச்சு. ரெண்டும் மஞ்சளு, ரெண்டும் பொடிசு."

"திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாமே?"

"'வெளங்கிச்சா'ன்னு கேட்டாவ. 'வெளங்கிச்சு'ன்னுட்டேன். பெறவு எந்த மூஞ்சியோட போயிக் கேக்க? பெரிய படிப்புப் படிச்சவிய முன்னால வெளங்கலைன்னு சொல்ல முடியுமா? வேற என்ன சொல்லச் சொல்லுதீய?"

எனக்குச் சுரீர் என்றது. அந்த டாக்டர்மீது குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு காலையில் அவர் முன் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். சுரீர் என்றதற்குக் காரணம் வேறு. இருபது வருஷமாக நான் வகுப்பில் கேட்டு வந்த கேள்வி அதுதான். பின்னக் கணக்கைப் போட்டு முடித்துத் திரும்பி, "விளங்கிற்றா?" என்பேன். "விளங்கிற்று டீச்சர்!" என்று நாற்பது குரல்கள் ஒரே ராகத்தில் வரும். பரீட்சைத் தாளைத் திருத்தும்போது, விளங்கியது எத்தனை பேருக்கு என்று தெரியும். வகுப்பறையில் அதனால் மதிப்பெண் குறைகிறது. ஆஸ்பத்திரியில் உயிர் போகிறது.

*

"விளங்கிற்றா?" என்று கேட்பது பரீட்சை ஆகாது, "நீ சொல், பார்க்கலாம்" என்று கேட்பதே பரீட்சை. இவ்வளவு சின்ன விஷயத்தை உலகம் எப்படிக் கையாண்டிருக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் கேட் லோரிக் என்ற நர்ஸ் அம்மாள் 1970-களின் இறுதியில் மூட்டுவாதக்காரர்களுக்கென்று ஒரு வகுப்பை ஏற்படுத்தினார். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஆறு வாரம். விசேஷம் என்னவென்றால், பாடம் நடத்துகிறவர் டாக்டர் அல்ல. பெரும்பாலும் அதே வியாதியை அனுபவிக்கும் சாதாரண மனிதர். டாக்டர் சொல்லும்போது "இவருக்கென்ன, வலியா தெரியும்?" என்று நினைக்கும் மனது, பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் கேட்டுக்கொள்கிறது. 1993-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கைப் பார்த்தேன். நான்கு வருஷத்துக்குப் பிறகும் வலி சராசரியாக நூற்றுக்கு 20 பங்கும், டாக்டரைத் தேடிப் போவது 40 பங்கும் குறைந்திருந்தன. அதே காலத்தில் அங்கங்களின் இயலாமை 9 பங்கு கூடியிருந்தது! அதாவது வியாதி தன் வழியே போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் "இதை நான் சமாளிப்பேன்" என்ற தைரியம் வந்ததால் வலியின் ஆட்சி தளர்ந்துவிட்டது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த வகுப்பில் தேய்மான வாதக்காரர்களே மிகுதி. முடக்குவாதக்காரர்களுக்கு நடத்திய போதனைகளை மட்டும் தனியே சேர்த்து ஆராய்ந்த ஒரு தொகுப்பு 2003-ல் வெளிவந்தது. அதன் முடிவு: பலன் உண்டு, ஆனால் சிறிது, மாதங்கள் சென்றால் அதுவும் தேய்ந்துவிடுகிறது. இதைப் படித்து நான் சோர்வடையவில்லை. ஜூன் மாதத்தில் நடத்திய வாய்ப்பாடு டிசம்பரில் மறந்துபோவது உபாத்தியாயினிக்குப் புதிய செய்தியா? பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். மேலும், போதனை மருந்துக்குப் பதில் அல்ல. மருந்து சரியாக வாய்க்குள் போவதற்கு வழி.

நம் தேசத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச மூட்டுவாத வைத்தியச் சங்கங்களும் சேர்ந்து 1981-ல் தொடங்கிய 'காப்கார்டு' திட்டத்தின்படி, டாக்டர் அரவிந்த் சோப்ரா 1996-ல் புனா ஜில்லாவிலுள்ள பிக்வான் கிராமத்துக்குச் சென்றார். தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று நாலாயிரத்துக்கு மேற்பட்ட வயது வந்தோரை விசாரித்தார்கள். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் மூட்டு, தசை வலியால் கஷ்டப்பட்டார்கள். சுமார் இருநூறு பேருக்கு ஒருவர் முடக்குவாதக்காரர். கணக்கெடுப்பதோடு திட்டம் நிற்கவில்லை. ஜனங்களுக்குப் போதிப்பது அதன் இரண்டாவது கட்டம்.

அந்த விகிதத்தைக் கொண்டு நானும் ஒரு கணக்குப் போட்டேன். 2011-ம் வருஷக் குடிமதிப்பில், தென்காசி பிரிவதற்கு முந்திய திருநெல்வேலி ஜில்லாவில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். வயது வந்தவர் இருபது லட்சம் என்று குறைத்து வைத்தாலும், இருநூறு பேருக்கு ஒருவர் என்றால் பத்தாயிரம் பேர்! பொதிகை மலையடிவாரம் தொடங்கித் தெருவுக்குத் தெரு காலையில் விரல் மடங்காமல் உட்கார்ந்திருக்கும் பத்தாயிரம் பேர். தங்கள் வியாதியின் பெயரை அறிந்தவர் அவர்களில் எத்தனை பேரோ?

*

ஆச்சி வீடு திரும்பிய பிறகு, எங்கள் வீட்டுத் தார்சாவில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு வகுப்பு ஆரம்பமாயிற்று. சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. தலைவர், காரியதரிசி யாரும் இல்லை. முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். கரும்பலகையில் உடம்பின் காவற்படையைப் படம் வரைந்து, அணுக்கள், எதிர்ப்புச் சக்தி என்று நாற்பது நிமிஷம் பிரசங்கம் செய்தேன். இரண்டு பேர் தூங்கினார்கள். முடிவில், "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்றேன். பத்தமடையிலிருந்து வந்த ஒரு தாயார் மட்டும், "டீச்சர், இது எம் பிள்ளைகளுக்கு வருமா?" என்று கேட்டார்.

நான் தயாரித்த பாடத்தில் அதற்கு விடை இல்லை. அவர்கள் ராத்திரி தூக்கமில்லாமல் நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கேள்வியைத்தான். தொற்று வியாதியல்ல, குடும்பத்தில் இருந்தால் மற்றவர்களைவிடச் சற்று அதிகம் வரக்கூடும், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று டாக்டரம்மாளிடம் கேட்டு அடுத்த வகுப்பில் சொன்னேன். அந்த அம்மாளின் முகத்தில் அன்று கண்ட மாறுதல் எந்த மாத்திரையாலும் வந்ததல்ல. அது முதல், அவர்கள் கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்குவது என்று முறையை மாற்றிக்கொண்டேன்.

முதற்பாடம் மாத்திரை. அதை ஆச்சியே நடத்துகிறாள். எழுத்து வேண்டாத ஒரு முறையை அவளே கண்டுபிடித்தாள். நம் வீடுகளில் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாள் சிவப்பாயிருக்கும் அல்லவா? சிவப்புத் தாள் அன்றைக்கு மட்டும் மெத்தோட்ரெக்ஸேட். அதைத் தனி டப்பாவில் போட்டு, மூடியில் சிவப்பு நூலைச் சுற்றிவைக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் வேறு டப்பா. டாக்டர் சொன்ன வேறு கிழமைகளில். (உங்கள் டாக்டர் வேறு நாள் குறித்திருந்தால் அந்த நாளைத் தாளில் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள்.) மாத்திரையை விழுங்கிய பிறகே தாளைக் கிழிக்க வேண்டும். நூல் கட்டியே நாற்பது வருஷம் கழித்தவளுக்கு நூலில்தான் யோசனை தோன்றும்போலும்!

இரண்டாவது பாடம் கைகளைக் காப்பது. இதில் எனக்குத் தெரிந்ததைக் காட்டிலும் அவர்களுக்குத் தெரிந்ததே அதிகம். சின்ன மூட்டு செய்யும் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்று. பிடி மெல்லியதாயிருந்தால் தடிமனாக்கு. ஒரே வேலையை நிறுத்தாமல் செய்யாதே. தத்துவம் இந்த மூன்றுதான். சோற்றுப் பானையை விரலால் தூக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்குவது, நனைந்த சேலையை முறுக்கிப் பிழியாமல் குழாயில் சுற்றி இழுப்பது, கரண்டிக் காம்பில் பழந்துணியைச் சுற்றுவது, டப்பா மூடியை உள்ளங்கையால் அழுத்தித் திருகுவது முதலியவற்றை அவர்கள் செய்து காட்டினார்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் ஒருத்தி குழவியை விரலால் பற்றாமல் உள்ளங்கையால் உருட்டக் கற்றுக்கொண்டாள். பத்தமடை அம்மாள் அரை மணிக்கு ஒரு தடவை பாய்த்தறியை விட்டு எழுந்து கைகளை நீட்டி மடக்குகிறார். நான் சாக்பீஸைத் தடித்த மூங்கில் குழாயில் செருகி எழுதுகிறேன். இந்த யோசனையும் ஆச்சியுடையதே.

மூன்றாவது பாடம் பயங்களைப் பற்றியது. புளியும் கத்தரிக்காயும் இந்த வியாதியை உண்டாக்குவதில்லை. பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வலி அடங்கிய வேளையில் நடப்பதும் கைகளை அசைப்பதும் மூட்டைத் தேய்த்துவிடா. அசையாமல் வைத்திருப்பதே அதை இறுகச் செய்யும். புகைபிடிப்பது இந்த வியாதி வருவதற்கும் முற்றுவதற்கும் துணை. மருந்து வேலை செய்ய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம். நான்காம் நாளே பலனில்லை என்று பொடிக்காரரிடம் ஓடக் கூடாது. இடையிடையே இரத்தத்தையும் ஈரலையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாடத்தில்தான் நான் தோற்றும்போனேன். இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி நான்கு வகுப்புக்கு வந்தாள். கலியாணமாகி ஆறு மாதம். வியாதியை மறைத்துத்தான் கலியாணம் செய்தார்கள். மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து, மாமியார் குளிக்கப் போகும்போது விழுங்குவாளாம். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. குழந்தை வேண்டுமென்று எண்ணும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவர் அதை நிறுத்திவிட்டு வேறு மருந்து தருவார் என்று சொன்னேன். "அதை வீட்டுல யாருட்ட சொல்ல, டீச்சர்?" என்றாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. போனுக்கும் பதில் இல்லை. அன்றைக்கு அவளை மட்டும் நிறுத்தி, "உன் வீட்டுக்காரரையும் ஒரு நாள் அழைத்து வா" என்று ஏன் சொல்லவில்லை என்று இன்றும் மனது உறுத்துகிறது. நோயாளிக்கு மட்டும் போதித்தால் பாதி வீட்டுக்குத்தான் போதித்ததாகும். இப்போது வருகிறவர்களிடம், வீட்டு மனிதர் ஒருவரோடு வரும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம். மூன்று கணவன்மார்கள் வருகிறார்கள். ஒருவர் குடம் தூக்குவதாகவும் கேள்வி.

*

இதெல்லாம் ஒரு தார்சாவில் அடங்கும் காரியம். பத்தாயிரம் பேருக்கு என்ன வழி?

இந்தப் பள்ளத்தாக்குக்குப் போதனை புதிதல்ல. காது கேளாத குழந்தைகளுக்கும் கண் தெரியாத குழந்தைகளுக்கும் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்கள் ஏற்பட்டன. அந்தப் பள்ளிகள் செவியையோ கண்ணையோ திருப்பிக் கொடுக்கவில்லை. ஆயினும் அங்கே படித்தவர்கள் எழுதினார்கள், தொழில் கற்றார்கள், குடும்பம் நடத்தினார்கள். குணப்படுத்த முடியாத இடத்தில் கல்வி செய்யக்கூடிய காரியத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 1990-களில் அறிவொளி இயக்கம் எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் பள்ளிச் சிறுமி. தெருவிளக்கின் கீழ் பாய் விரித்து, எட்டாம் வகுப்புப் படித்த பெண் தன் அத்தைக்கும் பாட்டிக்கும் 'அ' எழுதிக் காட்டுவாள். நேற்றுக் கற்றவள் இன்று கற்பிப்பாள். ஸ்டான்போர்டில் கண்ட ரகசியமும் ஏறக்குறைய அதுவே.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் சாமனப்பள்ளியில் நம் மாகாண சர்க்கார் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தைப் பெண் தொண்டர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சையும் கிடைக்கிறது. அந்தத் தொண்டர்கள் வீட்டு வாசலில் இன்னும் ஒரு கேள்வி கேட்கலாமே: "இந்த வீட்டில் யாருக்காவது காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காமல் இருக்கிறதா? ஆறு வாரமாக இருக்கிறதா?" ஆம் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், பழைய நோயாளி ஒருவரை ஒரு நாற்காலியில் உட்கார வைக்கலாம். புதிதாக மெத்தோட்ரெக்ஸேட் வாங்குகிறவர் அவரிடம் தன் வாயால் கிழமையைச் சொல்லிவிட்டுப் போகட்டும். அக்டோபர் 12-ந் தேதியை உலக மூட்டுவாத தினமாகக் கொண்டாடுகிறார்கள். சுவரொட்டி ஒட்டுவதும் ஊர்வலம் போவதும் நடக்கட்டும். அதைவிட ஒரு நாற்காலி மேலானது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மாத்திரை சாப்பிடும் பெரியவர் இருந்தால், இன்றிரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எதற்கு, எப்போது சாப்பிட வேண்டும் என்று எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "விளங்கிற்றா?" என்று கேட்காதீர்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள், ஆலங்குளத்துப் பெண். ஆச்சி இரண்டு டப்பாக்களையும் எடுத்து அவள் முன் வைத்து, சிவப்புத் தாள் பாடத்தை முழுவதும் நடத்தினாள். அவளும் தலையை ஆட்டி, "வெளங்கிட்டு ஆச்சி" என்றாள்.

"அது கெடக்கட்டும், ஏளா. நான் இப்போ ஒண்ணுந் தெரியாத கெழவி. எனக்கு நீ சொல்லு" என்றாள் ஆச்சி.

அந்தப் பெண் டப்பாக்களைக் கையில் எடுத்தாள், சிவப்பு நூலைப் பார்த்தாள், சற்று யோசித்தாள், தப்பாகச் சொன்னாள். ஆச்சி சிரித்துக்கொண்டே டப்பாக்களை வாங்கி, பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.